கோகோபீட்டில் மிளகாய் போட எத்தனை லிட்டர் தொட்டி?

"அண்ணே, கோகோபீட்ல மிளகாய் போடப் போறேன். எத்தனை லிட்டர் தொட்டி வாங்கலாம்?"

போன செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவில் நான் இருக்கும் டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். மதுரைக்காரன். டர்பனுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் திருப்பிக் கேட்டேன்: "காலையில எத்தனை மணிக்கு வேலைக்குக் கிளம்புற? சாயங்காலம் எப்ப வருவ?"

"தொட்டியைக் கேட்டா டூட்டியைக் கேக்குறீங்க?" என்று சிரித்தான்.

கோகோபீட்டைப் பொறுத்தவரை தொட்டியின் அளவைத் தீர்மானிப்பதில் பாதி டூட்டிதான். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவனுக்கு ஒரு அளவு, வீட்டிலேயே இருந்து மதியம் ஒரு சொம்பு ஊற்றக்கூடியவருக்கு வேறு அளவு. செடி என்ன, எத்தனை மாதம் நிற்கும், வெயில் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஏன் இப்படி என்று புரிந்துவிட்டால் எந்த அட்டவணையும் தேவைப்படாது, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள்.

குதிரும் குடமும்

மண் தொட்டியில் தண்ணீரும் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது. செம்மண்ணோடு மட்கிய எருவைக் கலந்து நிரப்பினால், அதிலிருந்து செடிக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்து கிடைத்துக்கொண்டே இருக்கும். தொட்டி பெரிதாக இருந்தால் சாப்பாடும் அதிகம். நெல் கொட்டி வைத்த குதிர் மாதிரி. அதனால்தான் ஊரில் யாரைக் கேட்டாலும் "பெருசா வைப்பா" என்பார்கள்.

கோகோபீட் அப்படியில்லை. தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது உதிர்கிற துகள்தான் அது. நான் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் ஊரில் நார் மில்லுக்குப் பின்னால் இது மலையாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து வடிகிற செந்நிறத் தண்ணீரை வைத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு சண்டை வரும். அன்று சீந்துவாரில்லாமல் கிடந்த அதே துகளை இன்று கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். டர்பனில் முதல் கட்டி வாங்கியபோது உறையில் பொள்ளாச்சி என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து, கடை வாசலிலேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பா நம்பவில்லை. "குப்பையைக் காசு குடுத்தா வாங்குன?" என்றார்.

அந்தத் துகளில் செடிக்கான சாப்பாடு கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கொஞ்சம் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் உதவியைவிட உபத்திரவம்தான். ஆகவே செடிக்கு வேண்டிய எல்லாவற்றையும் நீரில் கரைத்து நாம்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தண்ணீரும் ஒரு வேளைச் சாப்பாடு. தொட்டி இங்கே குதிராக இல்லாமல் குடமாகிவிடுகிறது. குடம் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்பதுதான் கேள்வி.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயா இருக்கிறார். இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாம் தலைமுறைத் தமிழர். தமிழ் அங்கங்கே சொற்களாகத்தான் வரும், ஆனால் கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய் பற்றிய பேச்சில் தடையே வராது. 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் மண்ணைப் போட்டு மூன்று வருடமாக ஒரே மிளகாய்ச் செடியை வைத்திருக்கிறார். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். என் கோகோபீட் பைகளுக்குத் தினமும் ஊற்றுகிறேன் என்றதும் அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் செய்வதும் சரி, நான் செய்வதும் சரி. அவருடையது குதிர், என்னுடையது குடம்.

தராசில் ஏற்றிப் பார்த்தேன்

குடத்தின் கொள்ளளவைச் சும்மா சொன்னால் விளங்காது. குளியலறையில் உடம்பு எடை பார்க்கும் மெஷின் இருக்கிறதல்லவா, அதன்மேல் ஒரு பையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நான் பார்த்தது 10 லிட்டர் கறுப்பு நர்சரிப் பை. காய்ந்த கோகோபீட்டாக அது ஒரு கிலோகூடத் தேறாது. நன்றாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் சொட்டுவது நிற்கும்வரை விட்டு, காலை ஆறு மணிக்கு மெஷினில் ஏற்றினேன்: 7 கிலோ. அதாவது 10 லிட்டர் பைக்குள் ஏறக்குறைய 6 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கிறது. மீதி இடத்தில் பெரும்பகுதி காற்று. கோகோபீட்டின் சிறப்பே இதுதான்; தண்ணீர் குடித்து நிறைந்த பிறகும் வேர் மூச்சுவிட இடம் வைத்திருக்கும்.

அன்று ஜனவரி மாதம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, நம் ஊரில் பனியில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம், இங்கே நடுக்கோடை. காய் பிடித்த நிலையில் இடுப்பளவு வளர்ந்த மிளகாய்ச் செடி. மாலை ஆறு மணிக்கு மறுபடி எடை பார்த்தால் 5.6 கிலோ. பகல் முழுக்கச் செடி குடித்ததும் மேலே காய்ந்ததும் சேர்த்து 1.4 லிட்டர்.

இப்போது அந்தச் செடியை மனதுக்குள் வேறு பைகளுக்கு மாற்றிப் பாருங்கள். 10 லிட்டர் பையில் 6 லிட்டர் இருப்பு, செலவு 1.4. கால்பங்குக்கும் குறைவு. செடிக்கு ஒன்றுமே தெரியாது. 5 லிட்டர் பையில் 3 லிட்டர்தான் இருப்பு. அதே செலவு என்றால் கிட்டத்தட்டப் பாதி தீர்ந்துவிட்டது. சாயங்காலம் வந்து ஊற்றினால் பிழைக்கும், ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறது. 3 லிட்டர் பையில் 1.8 லிட்டர் இருக்கும். மதியம் இரண்டு மணிக்கே இலை தொங்கிவிடும்.

"பாதி தீர்ந்தால் என்ன, இன்னும் பாதி இருக்கிறதே?" என்று கேட்கலாம். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். மண்ணில் அந்தக் கணக்கு ஓடும். கோகோபீட்டில் நாம் ஊற்றியது வெறும் தண்ணீரில்லை, உரம் கரைத்த தண்ணீர். வெயில் நேரத்தில் செடி தண்ணீரை வேகமாக இழுக்கும், உரத்தை மெதுவாகத்தான் எடுக்கும். தண்ணீர் பாதியாகக் குறைந்தால் மிச்சத்தில் உப்புச்செறிவு ஏறத்தாழ இரு மடங்கு. உப்புச்செறிவை அளக்கும் ஈசி மீட்டரில் 1.8 என்று அளந்து ஊற்றியது உள்ளே 3ஐத் தாண்டி நிற்கும். ரசத்தைச் சுண்டவிட்டால் உப்பு கரிக்கிற மாதிரி. இலையின் நுனியும் ஓரமும் காய்ந்து பழுப்பாவது பெரும்பாலும் இதனால்தான், நோய் என்று நினைத்து மருந்து தேடிக்கொண்டிருப்போம். இன்னொன்று, ஒரேயடியாகக் காய்ந்த கோகோபீட் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். அடுத்து ஊற்றும் தண்ணீர் அந்தச் சந்து வழியாக நேரே அடியில் ஓடிவிடும். மேலே நனைந்திருக்கும், நடு வேர் தாகத்தில் இருக்கும்.

அதனால் என் கணக்கு இது: இரண்டு தண்ணீருக்கு நடுவே தொட்டியின் இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அவசரத்துக்குப் பாதி வரை போகலாம். தொட்டியின் லிட்டரைப் பாதியாக்கி, அதற்குமேல் கொஞ்சம் சேர்த்தால் தண்ணீர் இருப்பு. அதில் மூன்றில் ஒன்று உங்கள் செடியின் பகல் செலவைத் தாங்க வேண்டும். மதுரைத் தம்பிக்கு வாயிலேயே கணக்குப் போட்டு முடிந்தது: பன்னிரண்டு மணி நேரம் ஆள் இல்லாத வீடு, முழு வளர்ச்சி அடைந்த மிளகாய், 10 லிட்டர்.

அப்படியானால் 30 லிட்டராகவே வாங்கிவிடலாமே?

வாங்கலாம், அதில் நாற்றை நட்டால்தான் வம்பு. நாலு இலை விட்ட நாற்று ஒரு நாளில் குடிப்பது ஒரு டம்ளர்கூட இருக்காது. 30 லிட்டர் தொட்டியில் 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது குறையப் பத்துப் பதினைந்து நாளாகும். அதுவரை புதுச் சாப்பாடு ஊற்ற வழியில்லை. ஊற்றினால் ஈரத்தின்மேல் ஈரம். டர்பன் கோடையின் புழுக்கத்தில் மேல்பரப்பு எப்போதும் நனைந்தே கிடந்தால் பாசி பிடிக்கும், சின்னச் சின்னக் கறுப்புக் கொசு மாதிரி ஈக்கள் மொய்க்கும், அவற்றின் புழுக்கள் இளம் வேரைக் கடிக்கும். மண்ணளவுக்குக் கோகோபீட்டில் வேரழுகல் சீக்கிரம் வராது என்பது உண்மை. ஆனாலும் செடி வளராமல் அப்படியே நிற்கும். பக்கத்தில் டம்ளரில் வைத்த நாற்று அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு விஷயம், வேர் ஈரத்தைத் தேடித்தான் பரவும். எங்கும் ஈரம் என்றால் தேட வேண்டியதே இல்லை. கொஞ்சம் காய, கொஞ்சம் நனைய என்று மாறி மாறி நடந்தால்தான் வேர் தொட்டி முழுக்கப் பின்னும்.

ஆகவே படிப்படியாக: விதைக்குச் சின்னக் கப் அல்லது குழித்தட்டு, நாலைந்து நிஜ இலை வந்ததும் 1 லிட்டரோ 2 லிட்டரோ, அங்கே மூன்று நாலு வாரம், பிறகு கடைசித் தொட்டி. எப்போது மாற்றுவது? நாள் எண்ண வேண்டாம். காலையில் ஊற்றியது மாலைக்குள் லேசாகிவிடுகிறதா என்று தூக்கிப் பாருங்கள். அப்படி லேசாகிவிட்டால் மாற்றும் வேளை வந்துவிட்டது. பையை மெல்லக் கவிழ்த்தால் வெளி ஓரத்தில் வெள்ளை வேர்கள் தெரியும், உருண்டை உதிராமல் வரும். வேர் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கயிறு மாதிரி ஆகும்வரை காத்திருந்தால் தாமதம். பெரிய தொட்டிக்கு மாற்றிய பிறகும் பழைய பழக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு சொல்லும் பாடம்

லிட்டர் மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்த கதை என்னுடையது. தள்ளுபடியில் கிடைத்தது என்று அகலமான பிளாஸ்டிக் பேசின் இரண்டு வாங்கி, ஓட்டை போட்டு, ஆளுக்கு 12 லிட்டர் கோகோபீட் கொட்டி மிளகாய் நட்டேன். உயரம் 13 சென்டிமீட்டர்தான் இருக்கும். பையில் இருந்த செடிகள் பூத்துக் காய்க்க, பேசினில் இருந்தவை மஞ்சளித்துப் போயின. அளவு அதிகம், தண்ணீர் அதே, உரம் அதே. காரணம் புரியவே எனக்கு ஒரு சீசன் ஆனது.

உங்கள் சமையலறையிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சை முழுக்க நனைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டி முடியட்டும். நின்றுவிட்டதா? இப்போது அதைப் பிழியாமல், அழுத்தாமல், நீளப் பக்கம் கீழே வரும்படி திருப்புங்கள். மறுபடி சொட்டும். அதுவும் நின்ற பிறகு செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் வடியும். ஸ்பாஞ்சு ஒன்றுதான், தண்ணீர் ஒன்றுதான். உயரம் கூடக் கூட அதிகம் வடிகிறது.

துகள்களுக்கு நடுவேயுள்ள நுண்ணிய சந்துகள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்தப் பிடியை வென்று கீழே இழுக்கிற அளவுக்கு மேலே தண்ணீர்க் கம்பம் உயரமாக இருந்தால்தான் வடியும். அதனால் எந்தத் தொட்டியிலும் அடியில் கொஞ்சம் உயரத்துக்குச் சொதசொதவென்ற ஒரு படலம் தங்கியே தீரும். அதன் கனம் துகளின் அளவைப் பொறுத்தது. தொட்டியின் அகலத்துக்கும் கொள்ளளவுக்கும் அதில் வேலையில்லை. உயரமான வாளியில் அந்தப் படலம் அடியில் ஒரு சின்னப் பங்கு. என் பேசினில் அது பாதி தொட்டி. செடி சேற்றில் கால் வைத்து நின்றிருக்கிறது.

மிளகாய், தக்காளி, கத்தரிக்கு 20 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் வேண்டாம். 25 இருந்தால் நிம்மதி. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் தட்டையான பேசின் பரவாயில்லை, அவை சீக்கிரம் அறுவடையாகிவிடும்.

அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டால் வடிந்துவிடும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. ஸ்பாஞ்சுப் பாடத்தோடு யோசித்துப் பாருங்கள். ஜல்லியின் பெரிய சந்துக்குள் தண்ணீர் இறங்காது, கோகோபீட்டின் கடைசி வரியிலேயே தொங்கி நிற்கும். அந்தச் சொதசொதப் படலம் இரண்டு அங்குலம் மேலேறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, தொட்டியின் உயரம் இரண்டு அங்குலம் நஷ்டம். ஓட்டையின்மேல் ஓர் ஓட்டுச் சில்லு வைப்பது வேறு, அது துகள் வெளியே போகாமல் இருக்க. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடையில் தொங்கும் அட்டவணை யாருக்கானது?

இங்கே கோகோபீட்டும் அதற்கான உரமும் விற்கிற கடைகளில் பாதிக்கு மேல் இருக்கும் விளக்கத்தாள்கள் மிளகாய்க்காக எழுதியவை இல்லை. டஹா என்று இந்த ஊரில் சொல்லும் கஞ்சாவுக்காக எழுதியவை. 2018 செப்டம்பர் 18 அன்று தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர் தன் சொந்த உபயோகத்துக்காகத் தனிப்பட்ட இடத்தில் அதை வளர்ப்பது குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் அதையொட்டிய சட்டத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். விற்பது இப்போதும் குற்றம்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இந்த மாதிரிக் கடைகளுக்கு நல்ல காலம் பிறந்தது, நமக்கும் நல்ல கோகோபீட் சுலபமாகக் கிடைக்கிறது. நமக்கு அந்தச் செடி வேண்டாம், ஆனால் அட்டவணையைப் படிக்கத் தெரிய வேண்டும்.

முதல் பொறி, கேலன். அட்டவணைகளில் பல அமெரிக்காவிலிருந்து வந்தவை. அமெரிக்க கேலன் 3.8 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.5 லிட்டர். போதாததற்கு, அங்கே நர்சரியில் ஒரு கேலன் தொட்டி என்று விற்பதில் 3 லிட்டர்கூடப் பிடிக்காது. இந்த ஊர்க் கடையில் பைகள் லிட்டரில், தொட்டிகள் வாயகலத்தின் சென்டிமீட்டரில். 25 சென்டிமீட்டர் வாயுள்ள, கீழே குறுகுகிற தொட்டியில் 8 அல்லது 9 லிட்டர்தான் கொள்ளும். சந்தேகமிருந்தால் ஓட்டையை அடைத்து 1 லிட்டர் பால் பாக்கெட் அளவில் தண்ணீர் ஊற்றி எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, ஆயுள். அந்தச் செடி நாலைந்து மாதத்தில் பூத்து அறுவடையாகி முடிந்துவிடும். அட்டவணையில் உள்ள அளவும் அந்தக் காலக்கெடுவுக்கானது. மிளகாய் அப்படியில்லை. டர்பன் கடற்கரைப் பக்கம் உறைபனி கிடையாது; ஒரு செடி இரண்டு மூன்று வருடம் சாதாரணமாக நிற்கும். முதல் வருடத்துக்கு 10 லிட்டர் போதும். இரண்டாம் கோடையிலும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் 15க்கோ 20க்கோ மாற்ற வேண்டிவரும்.

டர்பன், ஜோஹன்னஸ்பர்க், கேப் டவுன்

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிறவர்கள் 20 லிட்டர் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர், ஜூன் ஜூலையில் உறைபனி. மிளகாயை உள்ளே தூக்கி வைக்காவிட்டால் கருகிவிடும். தூக்க வேண்டும் என்றால் 7 கிலோ எடையைத் தூக்கலாம், 14 கிலோவைத் தினமும் தூக்கினால் இடுப்பு பிடிக்கும். கோடையில் ஆலங்கட்டி மழை அடிக்கும்போது ஓடிப்போய் நகர்த்துவதற்கும் 10 லிட்டர்தான் வசதி.

கேப் டவுனில் மழை குளிர்காலத்தில். கோடை வறட்சி, அதோடு தென்கிழக்குக் காற்று. இலையிலிருந்து ஈரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், இலேசான பைகளைக் கவிழ்த்தும் விடும். அங்கே ஒரு அளவு கூட்டித்தான் வாங்க வேண்டும்.

டர்பனில் கோடை மழைக்காலம் என்பதால் பல நாள் தண்ணீரே ஊற்ற வேண்டாம் போலத் தோன்றும். மழை சாப்பாடு கொண்டு வராது என்பதை மறக்காதீர்கள். நாலு நாள் தொடர்மழை என்றால் உள்ளே இருந்த உரமெல்லாம் அலசிப் போயிருக்கும். எதிர்ப்பக்கம், ஆகஸ்ட் செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து சூடாக இறங்கும் பெர்க் காற்று. ஒரே பகலில் தொட்டியை உலர்த்திவிடும். ஊரில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்போம். இங்கே ஆடி மாதம் வறண்ட குளிர். ஆடி முடியும்போது விதையைக் கப்பில் போட்டு வீட்டுக்குள் வைத்தால் புரட்டாசியில் வெளியே நட நாற்று தயாராக இருக்கும்.

ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இன்னொன்றில் தடுக்கி விழுவார்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. வடக்கு பார்த்த பால்கனிதான் வெயில் பால்கனி. அங்கே கறுப்புப் பையை வைத்தால் வெயில் படும் பக்கத்து வேர் வெந்தே போகும். வெளிப்புறத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தாலே வித்தியாசம் தெரியும், அல்லது ஒரு சாக்குத் துணியைச் சுற்றிவிடலாம். துணிப் பைகள் வேருக்கு நல்லவை. ஓரத்துக்கு வந்த வேர் காற்று பட்டு நுனி கருகி, சுற்றாமல் கிளைவிடும். ஆனால் நாலா பக்கமும் ஆவியாவதால் சீக்கிரம் காயும். பிளாஸ்டிக்கில் 10 லிட்டர் போதுமென்றால் துணிப் பையில் 15 வாங்குங்கள்.

பம்பும் டைமரும் வைத்தால் சின்னத் தொட்டியே போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது நிஜம்தான், மின்சாரம் இருக்கும்வரை. 2022 டிசம்பரில் நான் பன்னிரண்டு 3 லிட்டர் பைகளைச் சொட்டுநீரில் மாட்டிவிட்டு மூன்று வாரம் ஊருக்குப் போனேன். தினமும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. சுற்றுகிற பல் சக்கர டைமர், மின்சாரம் போனால் நின்றுவிடும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். நாளுக்கு நாள் அதன் கடிகாரம் பின்தங்கி, நான் திரும்பி வந்தபோது பம்பு நடு ராத்திரியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. பன்னிரண்டும் குச்சியாக நின்றன. ஓரமாகக் கைவிட்டுப் போயிருந்த ஒரு 20 லிட்டர் வாளியில் மட்டும், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை ஊற்றிய தண்ணீரில், ஒரு செடி உயிரோடிருந்தது. அதே வருடம் ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நாட்டில் கணக்குக்கு வருவதைவிட ஒரு அளவு பெரிதாக வைத்துக்கொள்வதை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

மற்ற செடிகள், கட்டிக் கணக்கு

கத்தரிக்கும் கொடி கட்டி ஏற்றும் தக்காளிக்கும் 15இலிருந்து 20 லிட்டர். காய்த்த தக்காளி கோடையில் ஒரு நாளைக்கு 2 லிட்டருக்கு மேல் குடிக்கும். வெண்டைக்கு 10. சின்னக் காந்தாரி வகை மிளகாய்க்கு 7 போதும். புதினா எதில் வைத்தாலும் வரும்.

கறிவேப்பிலையைக் கோகோபீட்டில் வைக்காதீர்கள். அது வருடக்கணக்கில் நிற்கும் மரம். கோகோபீட் இரண்டு மூன்று வருடத்தில் மட்கி, துகள் பொடியாகி, காற்றோட்டம் போய்விடும். டர்பனில் மண்ணிலேயே அருமையாக வருகிறது. பழைய இந்தியர் வீடுகளில் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒன்று நிற்காத வீடு அபூர்வம். ஆயாவிடம் ஒரு கன்று கேட்டால் அடியில் முளைத்த நாலைப் பிடுங்கித் தருவார்.

வாங்கும்போது கட்டிக் கணக்கு: 5 கிலோ கட்டி ஊறி விரிந்தால் 65இலிருந்து 70 லிட்டர் வரை வரும். 650 கிராம் சின்னக் கட்டியில் 8 லிட்டர் சுமார். முதல் நாலைந்து தண்ணீரிலேயே பத்தில் ஒரு பங்கு அமுங்கிவிடும், அதற்கும் சேர்த்து வாங்குங்கள். உறையில் கழுவிப் பதப்படுத்தியது என்று போட்டிருந்தால் அப்படியே பயன்படுத்தலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மறுபடி அலசி வடிகட்டுங்கள். துகளில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் விலகி அந்த இடத்தில் கால்சியம் உட்காரும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் கொடுக்கும் கால்சியத்தைச் செடிக்கு முன் தொட்டி சாப்பிட்டுவிடும். நடப்பட்ட பிறகு, ஒவ்வொரு முறையும் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வழியும்வரை ஊற்றுங்கள், பழைய உப்பு அலசிப் போக. வழிந்ததைத் தட்டில் நிற்க விடாமல் கொட்டிவிடுங்கள். பெரிய தொட்டி என்றால் கொட்ட வேண்டியதும் பெரிது என்பதை அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளவும். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார்.

பீனிக்ஸ் தம்பி கடைசியில் 10 லிட்டர் பை எட்டு வாங்கினான். 5 கிலோ கட்டி ஒன்றோடு சின்னக் கட்டி இரண்டு சேர்த்தும் எட்டாவது பை அரைக்கு மேல் நிறையவில்லை. உயரம் போதாது என்று அவனே சொல்லி, அதில் மிளகாய்க்குப் பதிலாகக் கொத்தமல்லி விதைத்திருக்கிறான். மற்ற ஏழில் இரண்டைக் குரங்கு கவிழ்த்துவிட்டதாம். கயிறு கட்டுவது எப்படி என்று நேற்றுப் போன் வந்தது.